வௌவாலும் நாமும்: தோட்டத்து மக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்



மீரியபெத்த, கொஸ்லந்த, பூனாகலைப் பக்கத்தில் பொழுது சாயும் நேரம் லயத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தால், ஒன்று, இரண்டு, பத்து என்று சின்ன வௌவால்கள் வெளியே புறப்பட்டுப் போவதைக் காணலாம். சிலருக்கு இது பழகிப்போன காட்சி. சிலருக்கோ பயம். 2018இல் கேரளாவில் நிபா நோய் வந்தபோதும், 2020இல் கொரோனா வந்தபோதும் வௌவாலைப் பற்றிப் பல கதைகள் பரவின. அதோடு பயமும் கூடிப்போனது.

பயத்தினால் சிலர் புகை போட்டும் தீப்பந்தம் காட்டியும் விரட்டப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. வௌவாலைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அதை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது இதுதான். ஏன் என்பதைக் கேள்வி கேள்வியாகப் பார்ப்போம்.

முதலில் வௌவாலை அறிந்துகொள்வோம்

வௌவால் பறவை இல்லை. அது முட்டை இடாது. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். பால் கொடுக்கும் பிராணிகளில் உண்மையாகவே சிறகடித்துப் பறக்கக்கூடியது வௌவால் ஒன்றுதான். உலகத்தில் 1,400க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. நம் இலங்கையில் மட்டும் 30 வகை வரையில் உண்டு.

நாம் விளங்கிக்கொள்வதற்கு இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். முதலாவது, பழந்தின்னி வௌவால். பெரிய மரங்களில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்குவது இதுதான். சிங்களத்தில் 'மா வவுலா' என்பார்கள். சிறகை விரித்தால் நாலு அடி வரை வரும். பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பழம் தின்கிற சின்ன வகைகளும் உண்டு. வாழை, கொய்யா மரங்களுக்கு ராத்திரியில் வருவது பெரும்பாலும் அவைதான்.

இரண்டாவது, பூச்சி தின்னும் வௌவால். லயத்துக் கூரை, பழைய ஸ்டோர், பாலத்தின் அடி, குகை, மரப்பொந்து எல்லாம் இதற்கு வீடு. சில வகை நம் கட்டை விரல் அளவுதான் இருக்கும். ஐந்து கிராம் நிறைகூட வராது. வாழைத் தோட்டத்தில் காய்ந்து சுருண்ட இலைக்குள் ஆரஞ்சு நிறமும் கறுப்பும் கலந்த ஓர் அழகான வௌவால் தூங்கும். பார்த்தால் காய்ந்த இலை போலவே இருக்கும்.

நம் பக்கத்து இரத்தினபுரி மாவட்டத்தில் வவுல்பனே என்று ஒரு சுண்ணாம்புக் கல் குகை இருக்கிறது. பேரிலேயே 'வவுலா' இருக்கிறது. உள்ளே இலட்சக்கணக்கில் வௌவால்கள் வாழ்கின்றன. சுற்றிலும் ஊர்கள் இருக்கின்றன, மக்களும் வாழ்கிறார்கள்.

கேள்வி: வௌவாலுக்குக் கண் தெரியாது என்கிறார்களே?

பதில்: தெரியும். பழந்தின்னி வௌவாலுக்கு மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகவே பார்வை உண்டு. பூச்சி தின்னும் வௌவால் கண்ணோடு சேர்த்துக் காதையும் நம்பி வாழ்கிறது. அது பறக்கும்போது மிக மெல்லிய கீச்சுச் சத்தம் போட்டுக்கொண்டே போகும். அந்தச் சத்தம் சுவரிலோ பூச்சியிலோ பட்டுத் திரும்பி வரும். மலை இடுக்கில் நின்று கூப்பிட்டால் நம் குரல் எதிரொலிப்பது போலத்தான். திரும்பி வரும் சத்தத்தை வைத்துப் பூச்சி எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று இருட்டிலேயே அறிந்துகொள்கிறது. அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி நம் காதுக்குக் கேட்காது.

கேள்வி: தலைமயிரில் வந்து சிக்கிக்கொள்ளுமா?

பதில்: சிக்காது. கம்பியைக்கூட இருட்டில் தப்பிப் பறக்கிற பிராணி நம் தலையில் வந்து மோதாது. நாம் நிற்கும் இடத்தில் கொசுவும் பூச்சியும் சுற்றும். அவற்றைப் பிடிக்கத்தான் தலைக்கு மேலே வந்து வளைந்து போகிறது. பிள்ளைகள் கத்தி ஓடத் தேவையில்லை.

கேள்வி: மனிதன் இரத்தத்தைக் குடிக்குமா?

பதில்: இரத்தம் குடிக்கும் வௌவால்கள் மூன்று வகைதான். மூன்றும் மெக்சிக்கோ முதல் தென் அமெரிக்கா வரையான நாடுகளில் வாழ்கின்றன. இலங்கையிலோ இந்தியாவிலோ இல்லவே இல்லை. இங்கே தவளை, பல்லி, சின்ன எலி பிடித்துத் தின்கிற ஒரு பெரிய காது வௌவால் உண்டு. அதுவும் ஆளைத் தேடி வந்து கடிப்பதில்லை.

கேள்வி: வீட்டுக்குள் வௌவால் வந்தால் கெட்ட சகுனம், சாவு வரும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

பதில்: வௌவால் வீட்டுக்குள் வருவதற்குக் காரணம் நம் விளக்கு வெளிச்சம். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைத் துரத்தி வௌவால் வரும். சில வேளை பறக்கப் பழகும் குட்டி வழி தவறி நுழைந்துவிடும். இதற்கும் குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கும் சம்பந்தம் இல்லை. "வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தலைகீழாய்த் தொங்க வேண்டியதுதான்" என்று நம்மவர்கள் பழமொழி சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அதே வௌவாலைக் கண்டு கலங்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில் கழுப்பெரும்பாக்கம் என்று ஒரு கிராமம். அங்கே ஆலமரத்தில் தங்கும் வௌவால்கள் மிரண்டு போகாமல் இருக்க, ஊர் மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்களுக்கு வௌவால் கெட்ட சகுனம் இல்லை, ஊர்க் காவல்.

கேள்வி: இதனால் நமக்கு என்ன நன்மை?

பதில்: பூச்சி தின்னும் ஒரு சின்ன வௌவால் ஒரே ராத்திரியில் தன் நிறையில் பாதி அளவு பூச்சியைக்கூடத் தின்றுவிடும். குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய் இன்னும் கூடுதலாகத் தின்னும். கொசு, வண்டு, அந்துப்பூச்சி எல்லாம் அதன் சாப்பாடு. நம் மரக்கறிப் பாத்தியை நாசமாக்கும் புழுக்களில் அநேகமானவை ராத்திரியில் பறக்கும் அந்துப்பூச்சியின் பிள்ளைகள்தான். தாய்ப்பூச்சி குறைந்தால் புழுவும் குறையும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது. வௌவால் ராத்திரியில்தான் வேட்டைக்கு வருகிறது. ஆகவே வௌவால் இருக்கிறது என்று நம்பி, தண்ணீர் தேங்கும் தகரம், சிரட்டை, டயர் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். அது நம் வேலை.

பழந்தின்னி வௌவால் மரங்களுக்குத் தூதுவன். இலுப்பை, இலவம், டூரியன் முதலிய மரங்கள் ராத்திரியில் பூப்பவை. இந்தப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோவதில் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. பழத்தைத் தின்றுவிட்டுப் பறக்கும்போதே எச்சம் போடுவதால், மரமே இல்லாத வெட்டவெளியிலும் விதை விழுகிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களையும் நம் உறவுகளையும் மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படி வெறுமையாகிப் போன சரிவுகளில் மறுபடி செடி கொடி முளைக்க, காற்றும் பறவையும் வௌவாலும் கொண்டுவந்து போடுகிற விதைகள் உதவுகின்றன. மலைக்கு மரம் எவ்வளவு முக்கியம் என்பதை நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு விசயம். பெரிய பழந்தின்னி வௌவால் வருசத்துக்கு ஒரு குட்டிதான் போடும். எலி மாதிரிப் பெருகாது. ஒரு மரத்துக் கூட்டத்தை அழித்தால் அது மறுபடி உருவாகப் பல வருசம் செல்லும்.

கேள்வி: காம்பராவுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: விளக்குமாற்றால் அடிக்காதீர்கள். அடிபட்ட வௌவால்தான் கடிக்கும். பிள்ளைகளை வெளியே கூப்பிடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, உள்ளே விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். அநேகமாகத் தானே போய்விடும்.

நிலத்தில் விழுந்து கிடந்தால் அநேக வௌவால்களால் அங்கிருந்து மேலே கிளம்ப முடியாது. அப்போது வெறுங்கை வைக்காமல், வெற்று பிஸ்கட் டின்னை அதன் மேலே கவிழ்த்து, அடியில் கெட்டியான அட்டையைத் தள்ளுங்கள். அப்படியே கொண்டுபோய், பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் மரத்தோடு சேர்த்து விடுங்கள். பகலில் விழுந்து கிடப்பது, நடுங்குவது, பறக்க முடியாமல் துடிப்பது எல்லாம் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பிள்ளைகள் கிட்டப் போகவே கூடாது.

மின்சாரக் கம்பியில் அடிபட்டுத் தொங்கும் வௌவாலைத் தடியால் தட்டி எடுக்கப் போகாதீர்கள். மின்சார சபைக்கு அறிவியுங்கள். செத்த வௌவாலை மண்வெட்டியால் தூக்கி ஆழமாகப் புதையுங்கள். ஒரே இடத்தில் பல வௌவால்கள் செத்துக் கிடந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: லயத்துக் கூரையில் குடியிருக்கிறது. எப்படி விரட்டுவது?

பதில்: நெருப்பும் புகையும் வேண்டவே வேண்டாம். ஒரு காம்பராக் கூரையில் பிடிக்கிற தீ, வரிசை முழுவதையும் எரித்துவிடும். லயத்தில் தீ பிடித்தால் குடும்பங்கள் படும் பாடு நமக்குத் தெரியும். மலைக்கு அடிக்கும் மருந்தைக் கூரைக்குள் அடிப்பதும் கூடாது. அந்த விசம் கீழே படுத்திருக்கும் நம் பிள்ளைகள் மேலேதான் இறங்கும்.

சரியான வழி இது:

1. இரண்டு மூன்று நாள் பொழுது சாயும் நேரம் வெளியே நின்று, எந்த ஓட்டையால் வருகின்றன என்று பாருங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே சின்ன வௌவாலுக்குப் போதும்.

2. குட்டிகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இருந்தால் அவை பறக்கும்வரை, இரண்டு மாதம் போலப் பொறுங்கள். தாயை வெளியே விட்டு அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்து நாறும்.

3. மற்ற ஓட்டைகளை எல்லாம் முதலில் அடையுங்கள். வந்துபோகும் ஓட்டைக்கு மேல் மட்டும் ஒரு துண்டு வலையை மேல் பக்கம் பொருத்தி, கீழ்ப் பக்கம் திரை மாதிரித் தொங்க விடுங்கள். உள்ளே இருப்பது ஊர்ந்து வெளியே வரும், வெளியே போனது திரும்ப உள்ளே நுழையாது.

4. ஒரு கிழமை கழித்து, ஒன்றும் வெளியே வரவில்லை என்று தெரிந்தபின் கம்பி வலையாலோ சீமெந்தாலோ அதையும் அடையுங்கள்.

தகரத்தை மாற்ற வேண்டிய பெரிய வேலை என்றால் தோட்டக் காரியாலயத்திலும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் அறிவியுங்கள். தனி ஆளாகப் போய்ச் சொல்வதைவிட, லயத்தார் எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுப்பது நல்லது.

கேள்வி: அதன் எச்சத்தால் நோய் வருமா?

பதில்: வௌவால் எச்சத்தை எலிப் புழுக்கையோடு மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. பூச்சி தின்னும் வௌவாலின் காய்ந்த எச்சத்தைக் குச்சியால் நசுக்கினால் பொடியாகிவிடும். அதில் பூச்சிச் சிறகின் மினுமினுப்பும் தெரியும். எலிப் புழுக்கை கெட்டியாக இருக்கும். இரண்டையும் கையால் தொடக் கூடாது.

அதிகமாகச் சேர்ந்து பழையதாகிப்போன எச்சத்தில் ஒரு வகைப் பூஞ்சணம் வளரலாம். அந்தத் தூசியைச் சுவாசித்தால் நெஞ்சில் நோய் வர இடமுண்டு. ஆகவே காய்ந்த எச்சத்தை அப்படியே கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். மூக்கையும் வாயையும் துணியால் நன்றாகக் கட்டிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பிறகு அள்ளுங்கள். வேலை முடிந்ததும் கை கால் கழுவி உடுப்பையும் துவையுங்கள். குடிதண்ணீர்த் தாங்கிக்கும் குடத்துக்கும் மூடி அவசியம்.

கேள்வி: வௌவால் கடித்த பழம்தான் ருசி என்று பிள்ளைகள் பொறுக்கித் தின்கிறார்களே?

பதில்: தின்னக் கூடாது. வெட்டி மீதியைத் தின்பதும் கூடாது. ஏன் என்பதற்கு மூன்று நாட்டு அனுபவம் இருக்கிறது.

மலேசியாவில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் பன்றிப் பண்ணைகளில் ஒரு புது நோய் பரவியது. பண்ணைப் பக்கத்துப் பழ மரங்களுக்கு வந்த வௌவால்களிடமிருந்து கிருமி பன்றிக்குப் போய், பன்றியிலிருந்து ஆட்களுக்கு வந்தது. 100 பேருக்கு மேல் செத்தார்கள். சுங்கை நிபா என்ற கிராமத்தின் பேரால்தான் அதற்கு நிபா என்று பேர் வந்தது. வங்காளதேசத்தில் ஈச்ச மரத்தில் கட்டிய சட்டியில் வௌவால் வாய் வைக்க, அந்தப் பச்சைச் சாற்றைக் குடித்தவர்களுக்கு அதே நோய் வந்தது. கேரளாவில் 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்தபோது 17 பேர் இறந்தார்கள். அங்கே நோயாளியிடமிருந்து அவரைப் பராமரித்தவர்களுக்கும் பரவியது.

இலங்கையில் எவருக்கும் நிபா நோய் கண்டதாகப் பதிவு இல்லை. ஆகவே பீதி தேவையில்லை. பழக்கம்தான் தேவை. கடிபட்ட பழத்தைப் புதையுங்கள், பன்றிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள். கித்துள் சீவுகிறவர்கள் சட்டியின் வாயை மூடிக் கட்டுங்கள், இறக்கிய சாற்றைக் காய்ச்சிப் பயன்படுத்துங்கள். வாழைக்குலையைச் சாக்கால் மூடிக் கட்டினால் பழமும் மிஞ்சும், வௌவாலும் தப்பும். மெல்லிய மீன் வலையை மரத்தில் போர்த்தினால் வௌவால் சிக்கிச் சாகும். அதை எடுக்கப் போகிற நம் கையும் கடிபடும்.

கேள்வி: வௌவால் இறைச்சி இழுப்பு வருத்தத்துக்கு மருந்து என்கிறார்களே?

பதில்: இல்லை. இழுப்பைச் சுகமாக்கும் எதுவும் அதில் இல்லை. அடித்து, உரித்து, வெட்டும்போது அதன் இரத்தமும் எச்சிலும் கையில் படும். மருந்து தேடிப் போய் வருத்தத்தை வாங்கி வருவதாக முடியும். இழுப்பு உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் நல்ல மருந்து இருக்கிறது. ஒழுங்காகப் போய் எடுங்கள்.

கேள்வி: கடித்துவிட்டால்?

பதில்: இந்தக் கேள்வியை எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும்.

விசர்நாய்க் கடி நோய் என்று நாம் சொல்லும் நீர்வெறுப்பு நோய் நம் நாட்டில் பெரும்பாலும் நாயால்தான் வருகிறது. 1973இல் இலங்கையில் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டதாலும், கடிபட்டவர்கள் ஊசி போட்டுக்கொண்டதாலும் இப்போது வருசத்துக்கு 20, 30 பேர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. இந்த நோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமியைப் பேராதனைப் பக்கத்துப் பழந்தின்னி வௌவால்களில் கண்டுபிடித்து, 2016இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். கன்னொறுவை என்ற இடத்தின் பேரையே அதற்கு வைத்தார்கள். எல்லா வௌவாலிலும் அது இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆனால் எதில் இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. அதனால்தான் 'தொடாதே' என்கிறோம்.

கடித்தால், பிராண்டினால், அல்லது அதன் எச்சில் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டால்:

1. உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.

2. மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஒன்றும் பூசாதீர்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

3. அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கொஸ்லந்தவில் காட்டினால், தேவைப்பட்டால் தியத்தலாவைக்கோ பதுளைக்கோ அனுப்புவார்கள். "வௌவால் கடித்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

4. டாக்டர் ஊசி போடச் சொன்னால், சொன்ன திகதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

வௌவாலின் பல் ஊசி மாதிரி மெல்லியது. கடித்த இடம் சில வேளை தெரியாது. கைக்குழந்தையோ, நல்ல தூக்கத்தில் இருந்தவரோ, குடித்துவிட்டுப் படுத்தவரோ இருந்த காம்பராவில் விடியும்போது வௌவால் கிடந்தால், காயம் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"சின்னக் கீறல்தானே, இன்றைக்குப் போனால் ஒரு நாள் பேர் போகுமே" என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கணக்கு விளங்குகிறது. ஆனால் இந்த நோயின் குணம் வேறு. கடித்து மாதக் கணக்கில் ஒன்றுமே தெரியாமல் இருக்கும். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்தபிறகு காப்பாற்ற மருந்து இல்லை. வருமுன் போடும் ஊசிதான் உயிர். நாய் கடித்தாலும், பூனை கடித்தாலும் இதே நான்கு காரியம்தான். வீட்டு நாய்க்கும் வருசா வருசம் ஊசி போடுங்கள். விழுந்த வௌவாலைக் கவ்வி வருவதும் அதுதான்.

படித்ததைச் சரிபார்ப்போம்

வீட்டில் பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பதில் எல்லாம் மேலே இருக்கிறது.

1. வௌவால் பறவையா, பால் கொடுக்கும் பிராணியா?
2. தலைக்கு மேலே ஏன் வளைந்து பறக்கிறது?
3. வௌவாலை நம்பி டெங்குக் கொசுவை ஏன் விட்டுவிடக் கூடாது?
4. கூரையில் உள்ள ஓட்டையை அடைக்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?
5. கடிபட்டால் எத்தனை நிமிசம் கழுவ வேண்டும்? அடுத்து எங்கே போக வேண்டும்?

ஐந்தாவது கேள்விக்கு உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளை சரியாகப் பதில் சொன்னால், இந்தப் பாடம் பயன்பட்டுவிட்டது. எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை மடுவத்திலும் இந்தப் பக்கத்தை ஒட்டி வையுங்கள்.